ஞாயிற்றுக்கிழமை வண்டி

டோப்ரிலாவின் வீட்டு வாசலில் இரண்டு சிமெண்டுச் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பெல்கிரேடுக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் உண்டு. மாடிக்கு மேல் மாடி, பால்கனிக்குப் பால்கனி வெள்ளைத் தூண். உள்ளே போய்ப் பார்த்தால் ஒற்றைப் பெண்பிள்ளை சமையலறை அடுப்பைக் கட்டிக்கொண்டு குளிர்காய்ந்துகொண்டிருப்பாள். ஆண்கள் வியன்னாவில் மற்றவர்களுக்குக் கட்டடம் கட்டுகிறார்கள். அந்தக் கூலியில் இங்கே இன்னொரு மாடி எழும்பும். அதில் படுக்க ஆள்தான் வரமாட்டான். ஆகஸ்டில் மூன்று வாரம் கல்யாணம், கச்சேரி, ஆட்டுக்கறி என்று ஊர் அமர்க்களப்படும். அப்புறம் சிங்கங்கள்தான் துணை.

அவள் புருஷன் புதிமிரும் அப்படிப் போனவன்தான். கறுத்த தலையோடு போனான், இப்போது நரைத்த தலையோடு வந்து வந்து போகிறான். இரண்டு ஆகஸ்டுக்கு முன்னால் ஒரு கறுப்பு டீசல் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். வெளிநாட்டில் இருப்பவன் பெயரில் வைத்தால் வருஷா வருஷம் அலைச்சல் என்று காகிதத்தை டோப்ரிலா பெயரில் எழுதிவைத்தான். பெயர் அவளுடையது, சாவியும் அவளிடம், ஆனால் ஓட்டக் கூடாது. பழைய சிவப்புக் காரில் குடைமிளகாய் மூட்டைகளை அடைத்துக்கொண்டு பொஷரேவாட்ஸ் சந்தைக்குப் போய்வந்தவள் அவள். அதெல்லாம் வேறு, இது வேறு என்றான் புதிமிர். இதில் பொத்தானை அமுக்கினால் திரையில் ஆயிரம் படம் வரும், உனக்கு எதற்கு வம்பு, வாரத்துக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓடவிடு, போதும் என்றான்.

ஊரில் எல்லாப் பெண்களுக்கும் இதே உத்தரவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயில் மணி ஓய்ந்ததும் வரிசையாக ஷெட்டுகள் திறக்கும். பெரிய பெரிய கார்கள் நின்ற இடத்திலேயே உறுமும். பத்து நிமிஷத்தில் ஒவ்வொன்றாக அடங்கும். பெண்கள் ஷெட்டைச் சாத்திவிட்டுக் காப்பிக் கெண்டியை அடுப்பில் ஏற்றுவார்கள்.

டோப்ரிலாவுக்கு அந்தப் பத்து நிமிஷம்தான் வாரம். சரியாக அந்த நேரத்துக்குப் புதிமிர் போனில் முகம் காட்டுவான். தின்றாயா, மருந்து போட்டாயா என்று நாலு வார்த்தை. பிறகு, "பானெட் பக்கத்துல கொண்டு போ" என்பான். அவள் போனை எஞ்சினருகே பிடிப்பாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். தாலாட்டுக் கேட்கும் பிள்ளைபோல முகம் இளகிவிடும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் வாரமெல்லாம் காத்திருந்தாள். தன்னைப் பார்த்து அவன் முகம் அப்படி இளகி எத்தனை காலமாயிற்று என்று நினைக்கும்போது, ஒரு இரும்புப் பெட்டி மேல் பொறாமை வரும். வந்த வேகத்தில் போயும்விடும். எதைக் கேட்டு இளகினால் என்ன, இளகுகிறானே என்றிருக்கும்.

அவன் விட்டுப்போன இடத்திலிருந்து சீட்டை அவள் ஒரு விரற்கடைகூட நகர்த்தவில்லை. அவனுக்கு நெடுங்கால். அவள் உட்கார்ந்தால் பெடல் எட்டாது. சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு, கால் கட்டைவிரலால் கிளட்சை எட்டி மிதித்துத்தான் ஸ்டார்ட் பொத்தானை அமுக்குவாள். கண்ணாடியில் அவளுக்குக் கூரைதான் தெரியும். அவனுக்குப் பின்னால் வரும் சாலை தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் போகட்டும் என்று அதையும் தொடவில்லை.

ஈஸ்டருக்கு வருவேன் என்று சொல்லியிருந்தான். நோன்பு தொடங்கிய வாரம், மேஸ்திரி விடமாட்டேன் என்கிறான், ஆகஸ்டில் பார்க்கலாம் என்றான். நான் அங்கே வரட்டுமா என்று அவள் கேட்டாள். எப்போதும் கேட்பதுதான். ரூம் சரியில்லை, அடுத்த வருஷம் நல்ல இடமாகப் பார்த்துக் கூப்பிடுகிறேன் என்றான். எப்போதும் சொல்வதுதான். அன்றைக்கு அவள் போனை வைத்துவிட்டு, ஈஸ்டர் முட்டைகளுக்கு நிறம் ஏற்ற அவனுக்கென்று வாங்கிவைத்திருந்த சாயத்தை அலமாரியின் கோடிக்குத் தள்ளினாள். அவளுக்கு அவன் வேண்டும். படமாக அல்ல, குரலாக அல்ல. பூட்ஸைக் கழற்றிப் போடாமல் சமையலறைக்குள் வந்து வசவு வாங்குகிற ஆளாக வேண்டும்.

அடுத்த ஞாயிறு எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தவன் கண்ணைத் திறந்தான். ஃபேன் ஏன் இவ்வளவு சத்தமாக ஓடுகிறது என்றான். அதற்கும் மறு ஞாயிறு டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கொன்று எரிந்தது. ஒரு டப்பா, அதற்குள் புள்ளி புள்ளியாக. வண்டியை அணைத்துப் போட்டாலும், திரும்பப் போட்டால் மறுபடி எரிந்தது. அவள் போனை விளக்குத் தெரியாத பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். அவனிடம் அவள் சொன்ன முதல் பொய்யோ என்னவோ, அன்றைக்குக் காப்பி இறங்கவில்லை. ஈஸ்டரைத்தான் மேஸ்திரி பிடுங்கிக்கொண்டான். வண்டியும் கெட்டுப்போனால் ஆகஸ்டுக்கு அவன் எதைப் பார்க்க வருவான் என்று நினைத்தாள். என்னைப் பார்க்க வருவான் என்று சொல்லிக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஊர் மெக்கானிக் கோலுப்பை வரச்சொன்னாள். புதிமிருக்குத் தம்பி முறை, அதனால் இவளை அண்ணி என்பான். ஒரு சின்னக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகிப் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான்.

"வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி நிப்பாட்டி வச்சீங்களா அண்ணி?"

"ஒரு வாரம்கூட விட்டதில்லப்பா."

"அதான் வினை. இந்தக் காலத்து டீசலுக்குப் புகைக் குழாயில ஒரு ஃபில்டர் இருக்கு. கரியெல்லாம் அதுல தங்கும். வண்டி நல்லா ஓடிச் சூடேறினா அதுவே எரிச்சுத் தள்ளிரும். நீங்க நின்ன இடத்துலயே உறும விட்டு உறும விட்டுக் கரியத்தான் சேர்த்து வச்சிருக்கீங்க. இந்த ஊர்ல எல்லாரும் இப்படித்தான். ஞாயித்துக்கிழமை பூசை வைக்கிறாங்க, திங்கக்கிழமை என்கிட்ட வர்றாங்க."

"அவர் சொன்னாரேப்பா."

"அண்ணன் காலத்து வண்டிக்கு அது சரி. இதை அப்படி வளர்க்க முடியாது. இதுக்கு ரோடு வேணும்."

மருந்தும் அதுதான் என்றான். நெடுஞ்சாலையில் ஏறி, நாலாவது கியரில், வேகத்தைக் குறைக்காமல் அரைமணி ஓட்ட வேண்டும். நடுவில் நிறுத்தினால் வேலை பாதியில் நின்றுவிடும். விளக்கு அதுவாக அணைந்தால் பிழைத்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் ஃபில்டரையே மாற்ற வேண்டியிருக்கும், விலையைக் கேட்டால் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சாவியைக் கொடுங்கள், நானே ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விடுகிறேன் என்றான்.

டோப்ரிலா சாவியை நீட்டினாள். கோலுப் ஏறி உட்காரப்போனவன் சீட்டை நகர்த்த அதன் அடியில் இருந்த கம்பியைப் பிடித்தான். அவள் கை தானாகப் போய் அவன் சட்டையைப் பற்றியது. அந்தச் சீட்டில் இன்னொருத்தன் உட்காருவதை அவளால் பார்க்க முடியவில்லை. நானே ஓட்டிக்கொள்கிறேன் என்றாள். கோலுப் அவளை ஒரு மாதிரி பார்த்தான். ஆனால் நல்ல பிள்ளை, சாவியை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். டயரில் காற்றுப் பார்த்தான், ஆயில் குச்சியை இழுத்துத் துடைத்துப் பார்த்தான், ஓட்டும்போது கையில் எடுக்காதீர்கள் என்று சொல்லி அவள் போனை வண்டியோடு இணைத்துக் கொடுத்தான்.

ஞாயிறு விடிந்ததும் ஷெட்டைத் திறந்தாள். பைக்குள் ரொட்டி, வெண்ணெய்க்கட்டி, வண்டிக் காகிதம் வைத்தாள். போலீஸ்காரன் கேட்டால் காட்ட லைசென்ஸும் அடையாள அட்டையும் போதும். அவள் பாஸ்போர்ட்டையும் எடுத்து வைத்தாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

சீட்டுக்கடியில் கையை விட்டுக் கம்பியைத் தூக்கினாள். சீட்டு கடகடவென்று முன்னால் வந்தது. அவ்வளவுதான், ஒரு நொடி. இத்தனை மாதமாக அவன் கால்களுக்கென்று காத்துவைத்திருந்த இடம் போய்விட்டது. அழுகை வந்தது. அழுதுகொண்டே கண்ணாடியையும் திருப்பினாள். கூரை போய் வாசல் தெரிந்தது, சிங்கங்களின் முதுகு தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பெர்ஸா அக்கா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவள் வேலியோரம் வந்தாள். எங்கே என்று கேட்டாள். விளக்கை அணைக்க, அரைமணியில் வந்துவிடுவேன் என்றாள் டோப்ரிலா. பெர்ஸா வண்டியைப் பார்த்தாள், பக்கத்து சீட்டில் இருந்த பையைப் பார்த்தாள், இவள் சிவந்த கண்ணைப் பார்த்தாள். உள்ளே போனாள். வண்டி வாசலைத் தாண்டும்போது குடத்தோடு வந்து சக்கரத் தடத்தில் தண்ணீரை வீசி ஊற்றினாள். தூரதேசம் போகிறவர்களுக்கு, வழி தண்ணீர்போல ஓட வேண்டும் என்று ஊற்றுவது. அரைமணி போய்த் திரும்புகிறவர்களுக்கு யாரும் ஊற்றமாட்டார்கள். புதிமிருக்கு ஒவ்வொரு ஆகஸ்டு முடிவிலும் டோப்ரிலாதான் ஊற்றுவாள். தனக்காக ஒருத்தர் ஊற்றி அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

 வேகத்தடையில் ஒரு முறை எஞ்சின் நின்றுபோனது. நெடுஞ்சாலையில் ஏறும்போது பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தி அவள் வம்சத்தையே வாழ்த்தினான். நாலாவது கியரில் போட்டு மிதித்தாள். எஞ்சின் இதுவரை அவள் கேட்டிராத குரலில் பாடியது. ஷெட்டுக்குள் இருமிக்கொண்டிருந்ததா இது என்றிருந்தது. ஃபேன் இரைந்தது, ஏதோ காய்ந்த வாடை வந்தது. கோலுப் சொல்லியிருந்தான், கரி எரிகிற வாடை, பயப்படாதீர்கள் என்று. அவள் பயப்படவில்லை. இருபுறமும் வயல்கள் பச்சைபிடிக்க ஆரம்பித்திருந்தன.

விளக்கு எப்போது அணைந்தது என்று அவள் பார்க்கவே இல்லை. டாஷ்போர்டு பக்கம் கண் போனபோது அங்கே இருட்டாக இருந்தது. திரும்புகிற வழிக்கான பலகை வந்தது. அடுத்ததில் திரும்பலாம் என்று விட்டுவிட்டாள். அடுத்ததிலும் அதையே சொல்லிக்கொண்டாள். பெல்கிரேடைச் சுற்றிக்கொண்டு போகும் சாலை வந்தபோது அப்படிச் சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டாள்.

வடக்கே திரும்பி டானூப் ஆற்றைத் தாண்டிய பிறகு வண்டி முழுக்க மணி அடித்தது. திரையில் அவன் பெயர். பொத்தானைத் தட்டினாள்.

"ஸ்டார்ட் பண்ணிட்டியா? முகம் தெரியலையே. சரி, பக்கத்துல கொண்டு போ."

"கேளு" என்றாள்.

அவன் கேட்டான். அவனுக்கு அந்த எஞ்சினை அவளைவிட நன்றாகத் தெரியும்.

"இது நிக்கிற வண்டி இல்லையே. யார் ஓட்டுறா?"

"நான்தான்."

அவள் திட்டை எதிர்பார்த்துக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள். திட்டு வரவில்லை. ஆகவே எல்லாவற்றையும் சொன்னாள். விளக்கு எரிந்ததை, மறைத்ததை, வாரா வாரம் அவன் சொன்னபடியே செய்து கரி அடைத்துக்கொண்டதை.

"விளக்கு அணைஞ்சிருச்சா?"

"எப்பவோ அணைஞ்சிருச்சு."

"அப்ப திரும்பிப் போ."

"பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்திருக்கேன், மனுஷா."

அவள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. பிறகு அவன் குரல் வந்தது. அது அவன் குரல்போலவே இல்லை.

"இங்க ஒரு ரூம்ல நாலு பேரு கிடக்கோம். ஒருத்தன் கட்டிலுக்கு மேல இன்னொருத்தன் கட்டில். நான் மேல. நீ வந்து பார்த்தா எனக்கு எப்படி இருக்கும், சொல்லு. அந்தப் பெரிய வீட்டுல உன்னை உட்கார வச்சிட்டு..."

அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளியது இதற்குத்தான் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. இன்னொருத்தி இருப்பாளோ என்றுகூட அவள் தூங்காமல் கிடந்திருக்கிறாள்.

"வண்டியில படுத்துக்கலாம். சீட்டு நல்லாச் சாயுது" என்றாள்.

 அவன் மூக்கை உறிஞ்சுவது வண்டியின் நாலு மூலையிலிருந்தும் கேட்டது.

"டீசல் எவ்வளவு இருக்கு?"

"பாதி."

"எல்லைக்கு முன்னாலயே நிரப்பிக்க. ஹங்கேரிக்கும் ரோட்டு வரிச் சீட்டு உண்டு, இங்கயும் உண்டு, பங்க்லயே கேட்டு வாங்கிக்க. மறந்துராத. கண்ணாடி துடைக்கிற தண்ணி இருக்கா? ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்திக் காலை நீட்டு. லாரிக்காரனோட போட்டி போடாத."

"சரி."

"சீட்டை முன்னால இழுத்துக்கிட்டியா?"



"இழுத்துட்டேன். கோவிச்சுக்காத. நான் வந்து சேர்ந்ததும் நீ பழையபடி தள்ளி வச்சுக்க."

"வேணாம்" என்றான் புதிமிர். "அப்படியே இருக்கட்டும். நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்."

டோப்ரிலா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டில் இருந்த பையை எடுத்துப் பின்சீட்டில் போட்டுவிட்டு, ஐந்தாவது கியருக்கு மாற்றினாள்.