அரைத் தட்டு முந்தி

1

"அந்தக் கணக்க முதல்ல மூடித் தொலைடா—"

"நான் சொல்றதக் கொஞ்சம்—"

"பாட்டு நடுவுல செருப்பு விளம்பரம். நம்ம பதிவு எவனோ பேர்ல. இதுக்குப் பேரு இசைக்காரங்க தளமாம்!"

"வேற எங்கக்கா சேந்து வாசிக்கிறது? நீ ஒரு ஊரு, நான் ஒரு ஊரு."

"இனிமே வாசிக்கவே வேணாம். எனக்குத் தாளம் நிக்கல. இன்னைக்குச் சந்தி சிரிச்சது போதும்."

கதை எனக்கு இப்படித்தான், பேச்சாகவே கிடைத்தது. கச்சேரி முடிந்த மண்டபம், பாதி திறந்திருந்த பின்னறைக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி, அதில் நான். 'காதில் விழுந்தது' என்று முதலில் எழுதினேன். [அடித்துவிட்டேன். ஒட்டுத்தான் கேட்டேன்.]

2

அக்கா பாடுகிறவள். தம்பி டிரம்ஸ். இரண்டு வருடமாக அந்த இணையத் தளத்தில்தான் அவர்களுடைய ஒத்திகை. அங்கே ஒரு கோளாறு: அவன் அடிக்கும் அடி அவளிடம் சற்றுப் பிந்தித்தான் போய்ச் சேரும். அதனால் அரைத் தட்டு முந்தி அடிக்கப் பழகிக்கொண்டான். அவள் காதில் எல்லாம் கச்சிதமாக விழுந்தது. அவளிடம் அவன் இதைச் சொன்னதேயில்லை. [இது என் ஊகம்.]

இன்று மேடையில், கையெட்டும் தூரத்தில் அக்கா நிற்கிறாள். ஊறிப்போன கை முந்தியே அடித்தது. அவள் தடுமாறினாள், ஒரு வரியையே விட்டாள்.

[எல்லாம் அந்தப் பாழாய்ப்போன தளத்தால் வந்த வினை, பாவம் பிள்ளை என்ன செய்வான் என்று நான் இங்கே முடித்திருக்கலாம், ஆனால்—]

ஆனால் அவன் அவள் முதுகுக்குப் பின்னால் சபையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினான். பாடுகிறவள் கோட்டை விட்டால் நான் என்ன செய்ய, என்கிற ஆட்டம். முன்வரிசை சிரித்தது. அதைத் தளம் சொல்லிக் கொடுக்கவில்லை.

3

பின்னறையில் அவனுக்குக் காது மடல்வரை சுட்டது. குச்சிகளைப் பைக்குள் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான்.

"தளத்துல கோளாறுக்கா."

"மேடையில ஏதுடா தளம்? தப்பு என்னோடது. நீ ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிற?"

அவள் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

4

இனி நான் கேட்டதல்ல, கட்டியது. அங்கேயே அவனை ஒப்புக்கொள்ள வைத்துப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை. அக்கா பாட்டை விட்டுவிட்டதாக எழுதினேன். எனக்கே மனசு வரவில்லை, கிழித்தேன்.

மறுநாள் காலை அவனை அந்தத் தளத்திலேயே உட்கார வைத்தேன். முகம் பார்க்காமல் பேச வேறு இடம் அவனுக்கு ஏது? அக்கா பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. [அதையும் நம்ப முடியாது. தளத்தை விட்டுப் போய்விட்டவர்களுக்கும் எரியும்.] பதில் பிந்துகிறதா, வரவே வராதா என்று அங்கே தெரியாது. எனக்கும் தெரியாது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே காத்திருந்து பாருங்கள்.

"அக்கா, நீ தாளம் தப்பல. முந்துனது நான். தெரிஞ்சேதான் சபையப் பாத்துத் தலைய ஆட்டுனேன்... அக்கா, கேக்குதா?"