சீவிய உருத்து

சாவகச்சேரிப் பக்கத்தில் கல்யாணம் ஒன்று சரிவந்தால், பெண் வீட்டார் ஐயரிடம் போவதற்கு முன்னால் அரியரத்தினத்திடம்தான் போவார்கள். அவர் நொத்தாரிசு. ஐயர் நாள் குறிப்பார், இவர் சீதனப் பத்திரமான உறுதியை எழுதுவார். உறுதி எழுதாமல் தாலி ஏறாது என்பதால் ஐயரைவிடத் தான் ஒரு படி மேல் என்று அவருக்கு நினைப்பு. அதில் பிழை சொல்லவும் முடியாது. வீட்டை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் கண்மூடும்வரை அதே வீட்டில் இருக்கிற உரிமையை ஒரே வரியில் பிடித்து வைப்பார். அந்த வரிக்குப் பெயர் சீவிய உருத்து. அது இருக்கும்வரை எந்த மருமகனாலும் மாமனாரைக் கதிரையை விட்டு எழுப்ப முடியாது.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவர் மகள் சந்திரவதனாவோடு சிட்னிக்கு வந்து சேர்ந்தார். மனைவி ஊரிலேயே முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள். இங்கே அவருடைய சட்டத்தைக் கேட்க ஆள் இல்லை. தபால் பிரிக்கிற இடத்தில் வேலை கிடைத்தது. முழு ஊரின் காணி எல்லைகளையும் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர், தெருப் பெயர் பார்த்துக் கடிதம் பிரித்தார். அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை, அதையும் சொல்லவேண்டும்.

ஊர்க் காணியை விற்ற பணத்தோடு தகப்பனும் மகளும் மிச்சம் பிடித்ததையும் சேர்த்து, ஹோம்புஷ் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய செங்கல் கட்டிடத்தில் ஃபிளாட் ஒன்று வாங்கினார்கள். மற்ற இடங்களைவிட மலிவு. மலிவாக இருந்ததற்கான காரணத்தைச் சொலிசிட்டர் பொறுமையாக விளக்கினார். கட்டிடம் முழுவதும் ஒரு கொம்பனிக்குச் சொந்தம். வாங்குகிறவருக்குக் கிடைப்பது கொம்பனியில் பங்கு மட்டுமே. பங்குக்காரருக்குக் கொம்பனி அந்த ஃபிளாட்டைக் குத்தகைக்குக் கொடுத்து வைத்திருக்கும். வெளியாருக்கு வாடகைக்கு விடமுடியாது. விற்பதென்றாலும் கொம்பனியை நடத்துகிற குழு சம்மதிக்க வேண்டும்.

"முழுக் காசையும் குடுத்து வாங்கினவன் குத்தகைக்காரனோ?" என்று வீட்டுக்கு வந்து மகளிடம் சிரித்தார் அரியரத்தினம். "வெள்ளைக்காரன் எங்களைவிட மோசமாய்த்தான் உறுதி எழுதுறான்."

தொண்ணூற்றொன்றில் சந்திரவதனாவுக்கும் விக்னராஜாவுக்கும் ஹெலன்ஸ்பர்க் கோயிலில் கல்யாணம் நடந்தது. விக்னராஜா எஞ்சினியர், அதிகம் பேசாத பிள்ளை, சீதனம் என்ற சொல்லைக் கேட்டாலே கூச்சப்படுகிறவர். அவர் வேண்டாம் என்றதை யார் கேட்டார்கள்? பங்கு முழுவதும் மகளின் தனிப் பெயருக்கு மாறியது. மாற்றும்போது சீவிய உருத்தையும் ஏற்றுங்கள் என்று அரியரத்தினம் கேட்டார். கொம்பனியின் புத்தகத்தில் அப்படி ஒன்றை ஏற்ற வழியில்லை, வேறு ஒழுங்கு செய்யலாம், யோசித்துவிட்டு வாருங்கள் என்றார் சொலிசிட்டர்.

அவர் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது, தெரிந்த வேலைதானே! தானே ஒரு நல்ல தாளில் தமிழில் உறுதி எழுதினார். கிழக்கு எல்லை மிஸிஸ் ஹார்டியின் ஃபிளாட், மேற்கு எல்லை மாடிப்படி, மேலே கூரை, கீழே உடுப்புத் தோய்க்கிற அறை. கிணறும், வான்பயிர் என்று எழுதுகிற பனை தென்னைகளும் இல்லாமல் அவர் எழுதிய முதல் உறுதி அதுதான். கடைசியில் தன் சீவிய உருத்தை நிலைநிறுத்திக் கையெழுத்து வைத்தார். மகள் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, உங்களை ஆர் இஞ்சையிருந்து எழுப்பப் போகினம்?"

"ஒருத்தரும் எழுப்பமாட்டினம். எண்டாலும் எழுத்தில இருக்கவேணும்."

மூன்று பேரும் அந்த ஃபிளாட்டில் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். குழந்தை ஒன்று இல்லை என்பதைத் தவிர மனக்குறை என்று ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் குசினியில் மாமனும் மருமகனும் தோசைக்கு அரைத்தார்கள். அரைப்பது கிறைண்டர், இவர்கள் பக்கத்தில் நின்று கிரிக்கெட் பேசினார்கள்.

தொண்ணூற்றேழில் சந்திரவதனாவுக்குப் புற்றுநோய் என்றார்கள். நல்லாகிவிடும் என்று முதலில் சொன்ன டாக்டர்கள் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டார்கள். தலைமுடி கொட்டிப்போய், பெரிய கண்களோடு, அவள் கட்டிலில் சின்னப் பிள்ளைபோலக் கிடந்தாள். தகப்பன் சோறு குழைத்து ஊட்டினால் ஒரு வாய் வாங்குவாள், வேறு யார் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒருநாள் அப்படி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் மெல்லக் கேட்டாள்: "அப்பா, நான் ஒரு வில் எழுதட்டோ? ஃபிளாட்டை உங்கட பேருக்கு வைச்சிட்டால் எனக்கும் நிம்மதி. இவரும் அதுதான் சொல்லுறார்."

ஊரில், தென்மராட்சியில், எத்தனை பேருக்கு அவர் மரணசாதனம் எழுதியிருப்பார்! மூச்சு இழுக்கிறவரின் தலைமாட்டில் குந்தியிருந்து, அழுகிறவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, விரலைப் பிடித்து மையில் தோய்த்து அடையாளம் வைப்பித்திருக்கிறார். பிறகு கை கழுவிவிட்டுத் தேத்தண்ணியும் குடித்திருக்கிறார். அவ்வளவு கல்நெஞ்சுக்காரர் தொழிலில். இப்போது கையிலிருந்த சோற்றைத் திரும்பச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே வைத்தார்.

"விசர்க் கதை கதையாதை பிள்ளை. வில்லும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். சட்டம் எனக்குத் தெரியும்."

அவர் நினைத்த சட்டம் ஊர்ச் சட்டம். பிள்ளையில்லாத பெண் செத்தால் அவளுடைய சீதனம் பிறந்த வீட்டுக்குத் திரும்பும் என்பது. நூறு பேருக்கு விளக்கிய அந்த வசனத்தைத் தன் மகளுக்கு விளக்க அவருக்கு வாய் வரவில்லை. விளக்குவதானால் நடுவில் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். எல்லாம் தெரிந்த அப்பா சொல்லிவிட்டார் என்று அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

அடுத்த வருடம் மாசியில் அவள் போய்விட்டாள்.

சடங்குகள் எல்லாம் முடிந்தபின் மாமனையும் மருமகனையும் சொலிசிட்டர் கூப்பிட்டு இருத்தினார். வில் இல்லை, பிள்ளைகள் இல்லை. இந்த நாட்டுச் சட்டப்படி எல்லாம் கணவனுக்கு. பங்கும் அதோடு வருகிற குத்தகையும் இனி விக்னராஜாவுடையது. அரியரத்தினம் தன் தமிழ் உறுதியை உறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். சொலிசிட்டர் அதைத் தொட்டுப் பார்த்தார், அழகான எழுத்து என்றார், திருப்பிக் கொடுத்தார்.

"மாமா, எனக்கு இது வேண்டாம். உங்கட பேருக்கே மாத்துவம்," என்றார் விக்னராஜா. மனசாரச் சொன்னார். அந்தப் பிள்ளையில் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் கொம்பனிக் குழு சம்மதிக்கவில்லை. பென்ஷனை மட்டும் நம்பியிருக்கிற கிழவர் நாளைக்குக் கட்டிடச் செலவில் தன் பங்கைக் கட்டமுடியாமல் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கேட்பது நியாயம்போலத்தான் இருந்தது, அதுதான் வயிறெரிச்சல்.

விக்னராஜாவுக்கோ அந்த ஃபிளாட்டில் ஓர் இரவு நித்திரை இல்லை. அவளுடைய செருப்பு, அவளுடைய சீப்பு, அவளுடைய வாசம். மெல்பேர்னில் வேலை கிடைத்ததும் போக முடிவெடுத்தார். "நீங்களும் வாங்கோ மாமா," என்று கெஞ்சினார். அரியரத்தினம் அசையவில்லை. மருமகன் ஓடித் தப்ப நினைத்த அந்த வாசம்தான் அவருக்கு மிஞ்சியிருந்த சொத்து. அந்தச் சுவர்களுக்குள்ளேயே தன் உயிரும் போகட்டும் என்பதைத் தவிர அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

ஆனால் பங்குக்காரர் குடியிருக்காத ஃபிளாட்டில் யார் இருக்கலாம் என்பதற்கும் கொம்பனியில் விதி இருந்தது. அவருடைய கணவன் அல்லது மனைவி இருக்கலாம், பிள்ளைகள் இருக்கலாம், தாய் தகப்பன் இருக்கலாம். மாமனார் அதில் இல்லை. மகள் வதனா இருந்தவரை அவர் பங்குக்காரியின் தகப்பன். அவள் போன அன்றிலிருந்து அவர் அந்தக் கட்டிடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

குழு மிஸிஸ் ஹார்டியின் முன்னறையில் கூடியது. அவர்தான் தலைவி. வதனாவின் செத்தவீட்டுக்குக் கறுப்புத் தொப்பி போட்டு வந்து, எல்லோருக்கும் முன்னால் தேம்பி அழுத மனிசி. யார் யாருக்கு என்ன உறவு என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். கட்டிடத்துக்குப் புதிதாக வந்தவர் ஒருவர் மட்டும், தன் ஃபிளாட்டை வாடகைக்கு விட அனுமதி கிடைக்காத கடுப்பில், விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிஸிஸ் ஹார்டி அவர் பக்கம் திரும்பவில்லை. அரியரத்தினத்தைப் பார்த்து மெதுவாக ஆங்கிலத்தில் கேட்டார். "நீங்கள் பங்குக்காரரின் தகப்பன். அப்படித்தானே? ஓம் என்று சொன்னால் போதும், நான் பதிந்துவிடுகிறேன்."

"ஓம், என்ர அப்பாதான்," என்று விக்னராஜா முந்திக்கொண்டார். பாதி பொய், பாதி உண்மை. எல்லோரும் கிழவரைப் பார்த்தார்கள். ஒரு சொல், அதற்குப் பிறகு அவரை யாரும் எழுப்பமுடியாது.

அரியரத்தினம் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இல்லை மேடம். இவர் என் மகன் இல்லை. எனக்கு ஒரே ஒரு பிள்ளை. சந்திரவதனா. அவள் செத்துப்போனாள்."

அத்தனை மாதத்தில் அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்னது அன்றுதான். மிஸிஸ் ஹார்டி பேனையை மூடிவைத்தார். ஃபிளாட்டை விற்பதென்று பிறகு பேசி முடிவானது, குரல் உயர்த்தாமல் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

வெளியே மாடிப்படிக்கு வந்ததும் விக்னராஜா சின்னப் பிள்ளைபோல விம்மினார்.

"ஏன் மாமா அப்படிச் செய்தனீங்கள்? ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் இருந்திருக்கலாமே. எனக்கு நீங்கள் அப்பா மாதிரித்தானே."

அரியரத்தினம் மருமகனின் தோளில் கை வைத்தார்.

"அது எனக்குத் தெரியும் தம்பி. ஆனா நான் உமக்கு அப்பா எண்டு எழுதிப்போட்டால், பிறகு அவளுக்கு ஆர்?"