பன்னிரண்டு கதவுகளுக்கு ஒரே முகவரி

1

இந்தக் கதை ஒரு கதவிலிருந்து கிடைத்தது. இலங்கை மலையகத்தில், டயகம பக்கம், தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்தைக் கடந்தபோது, பச்சைக் கதவொன்றில் வெள்ளைப் பெயின்டால் ‘1’ என்று எழுதியிருந்தது. வழிந்த சொட்டு இன்னும் காயவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் எழுதியது: “பனி மூடிய மலைச்சரிவில்...”

(அடித்துவிட்டேன். பனிக்கு யாரும் வெளியேறச் சொல்லிக் கடிதம் கொடுப்பதில்லை.)

2

ஆகவே, மீனம்மா. நாற்பத்தாறு வயது. முதுகுவலியால் கொழுந்து பறிப்பதை விட்டு மரக்கறித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறாள். ‘இந்த வீட்டில் தோட்டத்துத் தொழிலாளி எவருமில்லை, ஒரு மாதத்தில் காம்பராவை விட வேண்டும்’ என்று நிர்வாகம் கடிதம் கொடுத்தது. அவள் பிறந்ததே அந்த ஒற்றை அறையில்தான்.

(இங்கே அவளை அழவைத்திருந்தேன். மறுநாள் வாசித்தபோது, அழுதது நான்தான் என்று தெரிந்தது. எடுத்துவிட்டேன்.)

அவள் லயத்தின் மற்றப் பதினொரு கதவுகளையும் தட்டினாள்.

“இன்னைக்கு எனக்கு. ஒங்க புள்ளைங்க கொழும்புக்குப் போயிட்டா நாளைக்கு ஒங்களுக்கு.”

பன்னிரண்டு குடும்பங்களும் கையெழுத்திட்ட மனு அரசாங்க அலுவலகம் ஒன்றுக்குப் போனது.

3

பதில் வந்தது: ‘கையெழுத்துகள் அனைத்தும் ஒரே முகவரியைச் சேர்ந்தவை. இது ஒரு வீட்டின் உள்விவகாரம்.’

எல்லோரும் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள். வேறென்ன எழுதுவது? எவர் கதவிலும் இலக்கம் இருந்ததில்லை.

“அப்ப நாமளே நம்பர் போட்டுக்குவோம்” என்றாள் மீனம்மா.

“பைப்படி வீடு நம்மளுது. ஒன்னு அங்கேருந்துதான்” என்றார் தண்ணீர்க் குழாயடிக் கோடி வீட்டுச் சோலைமலை.

“ஏன் மாமா, தண்ணிதான் மொதல்ல புடிக்கிறீங்க, நம்பருமா?” என்று மனுவை எழுதிய லோஜினி கேட்டாள். லயமே சிரித்தது.

மீனம்மாவின் வீடு மறுகோடியில். அங்கிருந்து எண்ணினால் ஒன்று. பைப்படியிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு.

“பன்னெண்ட அழிச்சா மத்த பதினொன்னும் ஒழுங்காத்தான் நிக்கும், மாமா. ஒன்ன அழிச்சா?” என்றாள் மீனம்மா.

சோலைமலை விரலை நீட்டிக் கதவுகளை எண்ணிப் பார்த்தார். (அந்தக் கணக்கை விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். அவருடையதே நன்றாயிருந்தது.) பிறகு தூரிகையை எடுத்துக்கொண்டு மீனம்மாவின் கதவுக்கு நடந்தார்.

“நான் பன்னெண்டாவே இருந்துட்டுப் போறேன். ஆனா தண்ணி மொதல்ல எனக்குத்தான், சொல்லிட்டேன்.”

4

பன்னிரண்டு இலக்கங்களோடு புதிய மனு பதிவுத் தபாலில் போய்விட்டது.

முடிவு ஒன்று: நிர்வாகம் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறது. (இது என் ஆசை. கதை ஆசைக்குக் கட்டுப்படாது.)

முடிவு இரண்டு: ஆட்கள் வந்து மீனம்மாவின் கதவை

இல்லை. அந்த வாக்கியத்தை முடித்தால், வெளியேற்றக் கடிதத்தில் நானும் கையெழுத்திட்டவனாவேன்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது. மீனம்மா வேலைக்குப் போய் வருகிறாள். பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பு எரிகிறது. என்ன நடக்க வேண்டுமென்று உங்களுக்குத் தெரியும். அதை எழுதி அனுப்புங்கள். எனக்கல்ல:

மீனம்மா,
இல. 1, மேல் லயம்,
மூங்கில்மலைத் தோட்டம்,
டயகம.