தள்ளிப்போடும் மாத்திரை

இடது காலை நீட்டினாலும் வலித்தது, மடக்கினாலும் வலித்தது. ஒருபக்கம் அம்மா சரோஜா, மறுபக்கம் அண்ணி மதிவதனி; நடுவில் ஓவியா கண்ணை மூடாமல் கிடந்தாள். விடிந்தால் தீமிதி.

அண்ணன் செழியன் போன வருஷம் செங்கம் ரோட்டில் லாரியில் மோதிப் பிழைத்தது திரௌபதி அம்மன் போட்ட பிச்சை என்று அம்மா நம்பினாள். அதற்காகத் தானும் மகளும் தீமிதிப்பதாக வேண்டிக்கொண்டாள். இருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் காப்பு. அதை அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் யாருக்காக வேண்டினார்களோ அவருக்கு ஆகாது. ஆஸ்பத்திரி இருப்பதோ எல்லைக்கு அப்பால், டவுனில்.

சிக்கல் காப்புக் கட்டும் முன்பே தொடங்கிவிட்டது. தீமிதி சமயத்தில்தான் ஓவியா மாதவிலக்காகித் தூரமாக வேண்டிய கணக்கு. எப்படியாவது தள்ளிப்போடு என்று அம்மா சொல்லிவிட்டாள்; எப்படி என்று சொல்லவில்லை. கூடப் படிக்கும் வள்ளி ஒரு மாத்திரை பேரைச் சொன்னாள். மெடிக்கலில் டாக்டர் சீட்டு கேட்காமலே கொடுத்தார்கள். எத்தனை நாளைக்குப் போடுவது என்று இவளும் கேட்கவில்லை. நடுவில் லேசாகக் கறை பட்டதும் பயந்துபோய் இரண்டிரண்டாக விழுங்கினாள். கால் வலி வந்ததும் அதற்கு வேறொரு மாத்திரை. வெறுங்காலில் ஊரைச் சுற்றி வந்த சுளுக்கு என்று அம்மா நல்லெண்ணெய் காய்ச்சி அழுத்தித் தேய்த்துவிட, ஓவியா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

இப்போது மூச்சை இழுத்தால் விலாவுக்குள் சுருக்கென்றது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். பக்கத்தில் இருப்பதோ அண்ணனின் மனைவி. எல்லையைத் தாண்டினால் யாருக்கு ஆகாதோ, அவனுடைய மனைவி.

"அண்ணி, தூங்கிட்டீங்களா?"

"இன்னாடி?"

"நா ஒண்ணு சொல்றேன். அண்ணங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க."

காதோரமாகவே எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி திட்டவில்லை. போன் வெளிச்சத்தில் இரண்டு கால்களையும் பார்த்தாள். இடது கெண்டைச்சதை தடித்து, பளபளவென்று, தொட்டால் சுட்டது. அப்படியே 104 மருத்துவ உதவி எண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

எடுத்த டாக்டரம்மா ஒரு காலா, இரண்டு காலுமா என்று கேட்டார். என்னென்ன மாத்திரை, மூச்சு எப்படி என்றும் கேட்டார். காலில் ரத்தம் உறைந்து, அது நெஞ்சுப்பக்கம் போயிருக்கலாம், உடனே பார்த்தாக வேண்டும் என்றார். காலைத் தேய்க்கக் கூடாது, நடக்க விடக் கூடாது, இனி எந்த மாத்திரையும் வேண்டாம், தின்றதன் அட்டைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு 108 ஆம்புலன்ஸில் வரச் சொன்னார். பிறகு, "அந்த மாத்திரை எல்லாருக்கும் ஒத்துக்காதும்மா. கேட்டுப் பாத்துத்தான் குடுப்போம். உங்க வீட்ல வேற யாருக்காவது கால்ல இப்படி ரத்தம் கட்டியிருக்கா?" என்றார்.

அண்ணிக்குத் தெரியவில்லை.

"எங்க அக்காவுக்கு இருந்துச்சு," என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. "அதுலதான் போய்ட்டா."

அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. எண்ணெய் தேய்த்த தன் கையையே பார்த்தாள்.

"தூரமாயிட்டேன்னு சொல்லியிருந்தா நா மட்டும் மிதிச்சிருப்பேனேடி."

"நீதானம்மா தள்ளிப்போடுன்ன."

அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். தீமிதி முடிந்ததும் போகலாமே, எல்லையைத் தாண்டிச் செழியனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று இழுத்தாள்.

"அவரு எம்புருஷன் அத்தே," என்றாள் அண்ணி. "நா சொல்றேன், போவட்டும்."

வெளியில் படுத்திருந்த செழியனை அவளே எழுப்பி விஷயத்தைச் சொன்னாள். வண்டி வந்ததும் அவன் தங்கையைத் தூக்கிப் படுக்க வைத்து, தானும் ஏறிக்கொண்டான். அம்மா வாசற்படி வரை வந்தாள். மணிக்கட்டைப் பொத்திக்கொண்டு நின்றாள், அதற்குமேல் வரவில்லை.

வண்டியில் இருந்த நர்ஸ் ஓவியாவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிவிட்டு அட்டைகளை வாங்கிப் பார்த்தார். வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. ஓவியாவுக்கு விலாவில் குத்துவதுகூடத் தெரியவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இருமினான். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படுடி," என்றான் செழியன். "எனக்கு ஒண்ணும் ஆவல."

அவள் படுத்தாள். ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.