மூன்றாம் நாள் தொட்டி

மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் பிழிந்து, உதிர்த்து, கார்பன் டைசல்பைடு கலந்தால் ஆரஞ்சு நிறத் தூளாகும். அதைக் கரைத்தால் தேன் போன்ற திரவம். அது தொட்டியில் பக்குவமானதும் நுண்துளைகள் வழியே அமிலத்துக்குள் தள்ளினால் செயற்கைப் பட்டு நூல். ஆலை மேலாளருக்குப் பதினொரு வருடமாக இவ்வளவுகூட மண்டையில் ஏறவில்லை. முதலாளியின் மகளைக் கட்டியது அவனுடைய முதல் தகுதி. இரண்டாவது தகுதி எதுவென்று அவன் தங்கைக்கே தெரியாது. அவள்தான் அங்கே கெமிஸ்ட்.

நூல் நூற்பதைப் பார்க்கத் திங்கட்கிழமை வரவேண்டிய வாடிக்கையாளர்கள் புதன்கிழமைக்குத் தள்ளிப்போட்டார்கள். பக்குவமான தொட்டியை அண்ணன் அப்படியே நிறுத்தி வைத்துவிட்டான்.

புதன் காலை அவள் ஆய்வகத்தில் மாதிரியெடுத்து, உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். திங்கட்கிழமை பத்து மில்லி விட்ட பிறகுதான் திரிந்தது. இன்று நான்கிலேயே திரிந்தது.

"அண்ணே, இது முத்திப்போச்சு. குழாய்க்குள்ளயே இறுகிடும். தொட்டியைக் காலி பண்ணிடலாம்."

"பழுக்கணும் பழுக்கணும்னு நீதானே உயிரை வாங்குவே? மூணு நாள் பழுத்தது இன்னும் நல்லாத்தானே வரும்?"

அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை.

"பத்துன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"நாலை எப்படிண்ணே பத்துன்னு எழுதறது?"

"கூட ஆறைச் சேத்துக்கோ."

பதிவேட்டில் கையெழுத்து விழாமல் பம்ப்காரர் வால்வைத் திறக்க மாட்டார். அவர் வாசலில் நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

"போடலைன்னா வேலைக்கு வராதே. உன்னை இங்க சேத்துவிட்டவனே நான்தான்."

"போட்டா, குழாய் அடைச்சதும் என்னைத்தானே துரத்துவே? ரெண்டும் ஒண்ணுதான்."

நான்கு என்று எழுதினாள். 'நூற்கத் தகுதியில்லை' என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். அண்ணன் பேனாவைப் பிடுங்கி அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்தான். கீழே 'நூற்கலாம்' என்று எழுதி, அரைப் பக்கத்துக்குத் தன் கையெழுத்தைப் போட்டான்.

பம்ப்காரர் அவளைப் பார்த்தார்.

"மேலாளர் சொல்றார், திறங்க. திறந்துட்டுத் தள்ளி நில்லுங்க."

வாடிக்கையாளர்கள் மூன்று பேர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். பம்ப் உறுமியது. துளைகளில் ஒன்றும் வரவில்லை. அழுத்தமானியின் முள் ஏறிக்கொண்டே போனது. குழாயின் ஒரு மூட்டு பிய்ந்து, பழுப்பு நிறக் கட்டி ஒன்று பொத்தென்று விழுந்தது. பெரிய வாடிக்கையாளர் காலை இழுத்துக்கொண்டார்.

"இதுதான் பட்டா?"

"இல்லைங்க சார், ஆரம்பத்துல இப்படித்தான்..." அண்ணன் சட்டென்று அவள் பக்கம் கையைக் காட்டினான். "இவதான் கெமிஸ்ட். இவளைக் கேளுங்க."

அவள் பதிவேட்டை நீட்டினாள். வாடிக்கையாளர் குறுக்கே கோடு விழுந்த வரியைப் படித்தார், அடியில் இருந்ததையும் படித்தார்.

"இந்தப் பெரிய கையெழுத்து யாரோடது?"

அண்ணன் பதிவேட்டை வாங்கி, கண்ணைச் சுருக்கி வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

"சரியாத் தெரியலையே."

"உங்களோடதுதான் சார்," என்று உதவிக்கு வந்தார் பம்ப்காரர். "நான் பக்கத்துலயே இருந்தேன்."