சாலை தாண்ட வேண்டிய மகரந்தம்

"மாமா, கையை எடுங்க!"

கமாண்டர் போட்ட சத்தத்தில் ஆராய்ச்சிப் பண்ணையின் கேட்டே ஒரு கணம் ஆடியது. பயனில்லை. காவலுக்கு இருந்த மாமா அதற்குள் காகிதக் கவரைப் பிரித்து, உள்ளே கிருமிநாசினியைப் பீய்ச்சி, வாயை ஒழுங்காக மடித்து, வெற்றிப் புன்னகையோடு நீட்டினார்.

கமாண்டர் என்பது பண்ணை ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர். வறட்சி தாங்கும் மக்காச்சோளத்தை உருவாக்கப் பாடுபடும் விஞ்ஞானி. மாமா அவளுடைய அம்மாவின் தம்பி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஊரடங்கில் பழைய காவலாளி வர முடியாமல் போகவே, அவள்தான் சிபாரிசு செய்து இவரை உட்கார வைத்தாள். வினையை வீட்டிலிருந்தே கூட்டி வந்த கதை.

"மேல அடிச்சா காகிதம் கிழியும்னு எனக்குத் தெரியாதா? அதான் உள்ளே அடிச்சேன். கிருமி உள்ளேதானே ஒளிஞ்சிருக்கும்?"

"உள்ளே இருந்தது மகரந்தம் மாமா!"

கவருக்குள் மஞ்சள் தூள் கூழாகிக் கிடந்தது. நனைந்த மகரந்தம் செத்த மகரந்தம்.

காலையில்தான் இயக்குநர் கமாண்டரிடம் போனில் கறாராகச் சொல்லியிருந்தார்: "இந்தக் கலப்பு நடந்தா பண்ணை திறந்திருக்கும். இல்லேன்னா பூட்டிட்டு எல்லாரும் வீட்ல இருங்க." எல்லாரும் என்றால் இந்த முடிவுக்காக வீட்டில் காத்திருக்கும் களை எடுப்பவர்கள், தண்ணீர் பாய்ச்சுபவர்கள், டிராக்டர் டிரைவர் எல்லாரும்தான். மூடிய பண்ணை அத்தனை லேசில் திறக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அப்பாச் செடிகள் சாலைக்கு அந்தப் பக்கம். அம்மாச் செடிகள் இந்தப் பக்கம். காற்றில் கண்ட மகரந்தமும் வந்து விழக் கூடாதென்று செய்த ஏற்பாடு அது. அங்கே உதறி எடுத்த தூளை இங்கே கதிர் நுனியில் தொங்கும் பட்டு இழைகளில் தூவ வேண்டும். தூவினால் மணி பிடிக்கும். நடுவில் மாமாவின் கேட்.

கவரைக் கொண்டு வந்த டிரைவர் ஆறடி தள்ளி நின்று தலையைச் சொறிந்தார்.

"அத்தனை பூவையும் உதறிட்டேனே மேடம். பம்ப் ரூம் ஓரத்துல பிந்தின செடி கொஞ்சம் நிக்குது. அது நாளைக்குத்தான் மலரும்."

"அம்மாச் செடி நாளை வரைக்கும் தாங்கும். அப்போ நாளைக்கே உதறலாம்."

"எங்கேர்ந்து? தொற்று வந்துடுச்சுன்னு சாயந்தரத்துலேர்ந்து அந்தப் பக்கம் முழுக்க அடைப்பாம். தகரம் கொண்டு வந்து இறக்கியாச்சு. ஈ, காக்கா நுழைய முடியாது."

கமாண்டர் சாலையைப் பார்த்தாள். தகரத்தைப் பார்த்தாள். சட்டென்று திரும்பினாள்.

"பூக்கொத்தைத் தண்டோட வெட்டுங்க. வாளித் தண்ணியில நிறுத்திக் கொண்டு வந்துடுங்க. வெட்டின பூவும் தண்ணியில நின்னா நாளைக்கு மலரும். ஓடுங்க!"

டிராக்டர் பறந்தது. டிராக்டர் எவ்வளவு பறக்குமோ அவ்வளவு.

மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "நான் வேணா வேலையை விட்டுடறேன்."

"விட்டுட்டு எங்கே போவீங்க? ஊரே அடைச்சுக் கிடக்கு. முதல்ல உங்க ரூமைக் காலி பண்ணுங்க. காத்து புகாத இடம் அது ஒண்ணுதான்."

"அப்போ நான்?"

"வெளியில நாற்காலி போட்டுக்குங்க."

டிரைவர் திரும்பியபோது சாலையில் பாதித் தகரம் ஏறிவிட்டது. வாளியை எட்டிப் பார்த்த போலீஸ்காரர் புருவத்தை உயர்த்தினார். "என்னய்யா இது?"

"மாப்பிள்ளைங்க சார். பொண்ணு வீடு எதிர்ல."

"இத்தனை மாப்பிள்ளையா? கூட்டம் கூடக் கூடாதுன்னு உத்தரவு, தெரியுமில்ல?" என்று சிரித்துவிட்டு அவர் கையை அசைத்தார்.

கேட்டில் கமாண்டர் இரண்டு கைகளையும் விரித்து வாளிக்கு முன்னால் நின்றாள். மாமா கிருமிநாசினி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, டிராக்டர் சக்கரத்தைக்கூடத் தொடாமல் ஒதுங்கினார்.

மறுநாள் காலை அவள் வந்தபோது மாமா சட்டையெல்லாம் வியர்வையாக அறை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"ஃபேன் போட்டா பறந்துடும்னு சொன்னே. போடலை. பக்கத்துல நின்னு மூச்சுகூட விடலை."

"தும்மினீங்களா?"

"வந்துச்சு. கேட்டுக்கு ஓடிப் போய்த் தும்மிட்டு வந்தேன்."

வெயில் ஏற ஏற, வாளியைச் சுற்றி விரித்திருந்த கறுப்புத் தாளில் மஞ்சள் தூள் பொலபொலவென்று விழுந்தது. டிரைவர் அதைக் கவரில் சேர்த்து, வரப்பு முனையில் இருந்த முக்காலியில் வைத்துவிட்டு விலகினார். அப்பாச் செடியைத் தொட்டவர் அம்மா வரிசைக்குள் நுழையக் கூடாது. வேறு தூள் படாமல் அதுவரை மூடி வைத்திருந்த கதிர்களை கமாண்டர் ஒவ்வொன்றாகத் திறந்தாள், தூவினாள், மறுபடி உறை போட்டாள். கடைசிக் கதிருக்கு வந்தபோது கவரைத் தட்டி, சுரண்டி, ஊதாத குறையாக அடியில் இருந்ததையும் கொட்டினாள்.

அடுத்த வாரம் கதிர் ஒன்றை ஒடித்து, தோலை உரித்தாள்.

"இதைக் குலுக்கணும் மாமா. மணி பிடிச்சிருந்தா பட்டு தானா உதிரும். பிடிக்கலைன்னா ஒட்டிக்கிட்டே நிக்கும்."

"நான் குலுக்கட்டுமா?"

அவள் யோசித்தாள். டிரைவர் 'வேண்டாம் மேடம்' என்று கண்ணாலேயே கெஞ்சினார். கொடுத்துவிட்டாள்.

மாமா கதிரைக் குழந்தையைப் போல ஏந்தி, லேசாகக் குலுக்கினார். பட்டு கொத்தாகக் காலடியில் விழுந்தது. அவர் முகம் வெளுத்தது.

"ஐயோ, எல்லாம் கொட்டிடுச்சே! நான் மெதுவாத்தான் குலுக்கினேன், டிரைவர் சாட்சி!"

"கொட்டினாத்தான் மாமா ஜெயிச்சோம்!"

கமாண்டர் அங்கேயே நின்று இயக்குநரை அழைத்தாள். "சார், மணி பிடிச்சிருச்சு."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "சரிம்மா. பண்ணை ஓடட்டும்."

டிரைவர் அதற்குள் ஆட்களுக்கு போன் போட ஆரம்பித்திருந்தார். "நாளைக்கு வேலைக்கு வந்துடுங்க. ஆமா, எல்லாரும்தான். இல்லை இல்லை, சேர்ந்து வராதீங்க... தள்ளித் தள்ளி வாங்க!"