கதாதர் தின்ற மாம்பழம்

அன்று முற்பகல் முற்றத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். வீட்டுத் தலைவர் பலகோவிந்த், அவருடைய தம்பி கதாதர், கதாதரின் மனைவி பதாசோ, சமையற்காரி மங்கரி, கயையில் பிதுர்காரியம் செய்துவைக்கும் பண்டாக்களின் சபையில் மூத்தவர் சோகிலால், அவர் சாட்சிக்கு அழைத்து வந்த இரண்டு பண்டாக்கள். தெருவே கூடியிருந்தது என்று சொல்வது பொய். வாசற்கதவைப் பலகோவிந்த் தம் கையாலேயே தாழிட்டிருந்தார். மற்ற ஆறு பேரும் பார்த்திருக்க, கதாதர் ஒரு மால்தா மாம்பழத்தைத் தோல் சீவி, துண்டு போட்டுத் தின்று, கொட்டையையும் சப்பிவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். தட்டில் மாம்பழம் காம்போடு முழுசாக இருந்தது.

இது மூன்று வருஷமாக நடந்துவந்தது. பிதுர்களுக்குப் பிண்டம் போட்டு முடித்த யாத்ரீகர்கள், அட்சயவடம் என்கிற ஆலமரத்தடியில் உட்கார்ந்து தங்களுக்குப் பிடித்த காய் ஒன்றையும் கனி ஒன்றையும் இனித் தொடுவதில்லை என்று விட்டுவிட வேண்டும். பிடிக்காததை விட்டுவிட்டு ஊர் திரும்புவதுதான் பெரும்பாலோர் வழக்கம். அவர்களை அங்கே உட்காரவைத்துச் சங்கல்பம் சொல்லித்தருவது ஏழு தலைமுறையாக இந்தக் குடும்பத்தின் உரிமை. கதாதர் அந்த வேலையை முப்பது வருஷம் செய்தார். காலையில் மல்யுத்தக் களம், காதுமடலில் அத்தர், மாலையில் தும்ரிப் பாட்டு, எந்நேரமும் வாயில் பான் என்று வாழ்ந்தவர். ஒரு முறை தெற்கேயிருந்து வந்த விதவை ஒருத்தி பாகற்காயை விட்டாள். கதாதருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பாகற்காயா? அது உன்னை எப்பவோ விட்டிருக்குமே, தாயே.”

“எனக்கு உசுரே அதுதான் சாமி. அது கிடக்கட்டும், ஊரையே உட்காரவெச்சு விடு விடுங்கறீங்களே, நீங்க எதை விட்டீங்க?”

பதில் சொல்லாமல் இருந்து கதாதருக்குப் பழக்கமில்லை. மரத்தின் வேரில் கைவைத்தபடி, “நான் எல்லாத்தையும் விட்டாச்சு. தின்கிறதை மட்டும்தான் விடலை” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அன்று மாலை அவர் பன்னிரண்டு பூரி தின்றார். தட்டில் பன்னிரண்டு பூரி இருந்தன.

அதன்பின் அவர் ரசித்தது எதுவும் குறையவில்லை. ஒரே அத்தர்ச் சீசா மூன்று வருஷம் வந்தது. குளிர்காலத்தில் வாங்கிய தில்குட் என்கிற எள்ளுமிட்டாய் மழைக்காலத்திலும் அதே எடை நின்றது. மற்றவர்கள் எடுத்தால் குறையும். அவர் தின்றால் குறையாது. வேண்டாவெறுப்பாகக் குடித்த இருமல் மருந்து மட்டும் கணக்காகத் தீர்ந்தது. அவருக்குப் பிடிக்காத சுரைக்காயும் தீர்ந்தது. ஒருமுறை நல்ல பழம் ஒன்றை நாளைக்கு என்று தலையணைக்கடியில் ஒளித்துவைத்தார். காலையில் உலர்ந்த கொட்டைதான் கிடந்தது. “எனக்கு இது வேணும்” என்று சிரித்தாரே தவிர, மறுபடி எதையும் எடுத்துவைக்கவில்லை.

வேறு ஊராக இருந்தால் இதைக் கும்பிட்டிருப்பார்கள். கயையில், தின்றும் இலை குறையாதவர்கள் யார் என்பது பால்காரனுக்குக்கூடத் தெரியும். செத்தவர்கள்தான் அப்படித் தின்பார்கள். பேச்சு பரவியது. இரண்டு ஊர் யாத்ரீகர்கள் வேறு பண்டா வீட்டுக்குப் போனார்கள். ஊரார் பேய்களையெல்லாம் கரையேற்றும் வீட்டில் ஒரு பேய் பான் மென்றுகொண்டிருக்கிறது என்ற சொல் பலகோவிந்தின் காதுக்கும் வந்தது. அவர் முதுகை வளைக்கவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

பதாசோவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மதியம் கணவர் கண்ணயரும்போது மூக்கருகே விரல்வைத்துப் பார்ப்பாள். பாதங்கள் முன்பக்கம்தான் திரும்பியிருக்கின்றனவா என்று போர்வையை விலக்கிப் பார்ப்பாள். மூச்சு இருக்கும், பாதமும் சரியாக இருக்கும், ஆனாலும் நெஞ்சு அடங்காது. ஏனென்றால் அவளுக்கு இன்னொரு பயம் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. ஒருநாள் கேட்டேவிட்டாள்.

“ஏங்க, எல்லாத்தையும் விட்டாச்சுன்னு சொன்னீங்களாமே. என்னையுமா?”

கதாதர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். “உன்னை எங்கே புடிச்சுவெச்சிருந்தேன், விடறதுக்கு?” என்றார். அதன்பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சோகிலால் வந்தது தீர்ப்போடுதான். மாம்பழத்தைக் கண்ணால் பார்த்ததும் அதைச் சொன்னார். நாளைக்கே பிரேதசிலைக் குன்றில் கதாதர் பெயருக்குப் பிண்டம் போட வேண்டும். செத்தவன் என்றால் போய்விடுவான், இல்லையென்றால் இருப்பான்.

“இந்த வீட்டுல உசுரோட இருக்கிறவனுக்கு யாரும் பிண்டம் போட்டதில்லை” என்றார் பலகோவிந்த்.

“உசுரோட இருக்கான்னு யாரு சொன்னா, பெரியவரே? அந்த மாம்பழம் இல்லேங்குதே.”

“போடுங்கண்ணா” என்றார் கதாதர். “சாதம்தானே? நல்லாக் குழைய வடிச்சுப் போடச் சொல்லுங்க.”

சாட்சிகளில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். பலகோவிந்த் தட்டில் முழுசாக இருந்த மாம்பழத்தைப் பார்த்தார். கடைசியில் அவர் தலை சம்மதமாக அசையப் பார்த்தது. அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து பதாசோவின் குரல் வந்தது. அந்த வீட்டுக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் மூத்தார் பலகோவிந்த் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. அதுதான் முறை. இப்போதும் அவள் மங்கரியிடம்தான் பேசினாள்.

“மங்கரி, அவங்களைக் கேளு. செத்தவங்க எச்சிலை யாரு தின்பாங்க?”

எல்லார் காதிலும் விழுந்ததை மங்கரி இன்னும் உரக்கச் சொன்னாள்.

“மாடு தின்னும், காக்கா தின்னும்” என்றார் சோகிலால். “மனுஷங்க தின்னா அந்த இடத்துலேயே ரத்தம் கக்கிச் சாவாங்க.”

“புருஷன் எச்சிலை?”

“அதைப் பொண்டாட்டி தின்பா.”

பதாசோ வந்தாள். முக்காட்டை விலக்கினாள். பலகோவிந்த் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கணவரின் தட்டை இழுத்து, அந்த மாம்பழத்தை எடுத்துக் கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. முறை கெட்டதற்குச் சுவர் வெடிக்கும் என்று பலகோவிந்த் காத்திருந்தார். கதாதர் மட்டும், பருவத்தின் முதல் பழத்தைப் பார்ப்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிக்குதா?”

“நார்” என்றாள் பதாசோ.

தட்டில் கொட்டையும் தோலும்தான் மிஞ்சின. அவளுக்கு ஒரு விக்கல் வந்தது, வேறொன்றும் ஆகவில்லை. சாயங்காலம் வரை பார்க்கலாம் என்று சோகிலால் உட்கார்ந்தார். சாயங்காலமும் ஆனது. அவள் இன்னொரு பழம் கேட்டாள். பண்டாக்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த பிதுர்பட்சத்தில், வேறு வீட்டுக்குப் போன யாத்ரீகர்கள் திரும்பி வந்தார்கள், கூடவே புதிதாக மூன்று ஊர். தட்டைப் பற்றி அதிகம் பேர் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு மங்கரி சாப்பாடு போட்டாள்.

இருபத்து மூன்று வருஷம் போனது. கதாதர் தின்றார், பாடினார், அத்தர் பூசினார்; அவர் ரசித்தது எதுவும் குறையவில்லை. ‘என்னையுமா’ என்ற பதாசோவின் கேள்வி மட்டும் அவள் மனசிலேயே இருந்தது. ஒரு மதியம் மங்கரி அவளுக்குத் தலை வாரினாள்.

“என்னம்மா இது, எனக்குத் தலை பஞ்சுமூட்டை ஆயிடுச்சு. உங்களுக்கு ஒரு நரை இல்லே. மூஞ்சியிலே ஒரு கோடு இல்லே.”

பதாசோ கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். அறுபத்தோரு வயதில், முக்காட்டை விலக்கிய அன்றைக்கு இருந்த முகம் அப்படியே இருந்தது. வெளியே கதாதர் எதையோ பாடிக்கொண்டிருந்தார். அன்று அவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அவள் நினைவுக்கு வந்தது. பிறகு கண்ணாடியைக் கவிழ்த்துவைத்துவிட்டு, மங்கரியிடம் சோறு போடச் சொன்னாள். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அந்தக் கேள்வியை அவள் பின்னர் கேட்கவில்லை.

கல்கத்தாவிலிருந்து மை வரவழைத்துத் தலைக்குப் பூசுகிறாள் என்று தெருவில் சொல்கிறார்கள். அது தவறு. அப்படி ஒரு பொட்டலம் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை.